ஹாரன் அடித்ததும் திரும்பிய முக்கோணம்

வேற்றுக்கிரகத்து ஆட்கள் கோத்தகிரி மலைக்கு வந்துவிட்டார்கள் என்று ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு முழுசாக நம்பியவன் நான். அதுவரை குடித்திருந்தது ஒரே ஒரு டீ.

தேயிலை விலை சரிந்து கிடந்த வருடங்கள் அவை. அரவேணுவுக்கு அப்பால், தோட்டங்களில் பச்சை இலை ஏற்றி ஃபேக்டரியில் இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு எஸ்டேட்டில் டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டார்கள், ஜீப்பை விற்றுவிட்டார்கள். தினமும் போன என் வேனும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றானது. மேல் ரோட்டு வளைவில் நிறுத்தி ஹாரன் அடிப்பேன். கீழே லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, இலை மூட்டையோடு ஏறி வருவார்கள். அதுதான் ஏற்பாடு.

முந்தின நாள் சலூனில் ஒரு பழைய வாரப் பத்திரிகை படித்திருந்தேன். வெளிநாட்டு வானத்தில் கறுப்பு முக்கோண விமானம் தெரிகிறதாம். சத்தமே இருக்காதாம், மூன்று மூலையிலும் வெள்ளை வெளிச்சமாம். ராணுவ ரகசியம் என்று சிலர், வேற்றுக்கிரகம் என்று சிலர், வெறும் கண்மயக்கம் என்று சிலர். இதில் எது எனக்குப் பிடித்துப்போனது என்று சொல்லவே வேண்டாம்.

அன்று தூறல். பள்ளம் முழுக்க மஞ்சு, பக்கத்து ஆள் தெரியாத மூடுபனி. வளைவில் நின்று ஹாரன் அடித்துவிட்டுக் கீழே பார்க்கிறேன், மஞ்சுக்குள் கறுப்பாக ஒரு முக்கோணம் மிதந்துகொண்டிருக்கிறது! மூன்று மூலையிலும் வெள்ளைப் புள்ளி. சத்தமில்லை. எங்கள் மலையில் மேகமே காலுக்குக் கீழேதான் போகும், விமானம் போகாதா? பயத்தில் கை தானாக இன்னொரு ஹாரன் அடித்தது. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அது என்னை நோக்கித் திரும்பி வேகமெடுத்தது.

வேனைக் கிளப்பினேன். பின்னால் "அண்ணே!" என்று கேட்டது. தமிழ் வேறு படித்துவிட்டு வந்திருக்கிறார்களே என்று இன்னும் அழுத்தி மிதித்தேன்.

ஒரு மைல் தள்ளி இருந்த டீக்கடையில்தான் மூச்சு வந்தது. கதையைச் சொன்னேன்.

"ஏனுங்க, நேத்து போட்டது இன்னும் எறங்கலீங்களா?" என்றார் கடைக்காரர்.

பெஞ்சில் இருந்தவர் விடவில்லை. "வந்ததே வந்தாங்க, நாலு மூட்டை தூள் வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க. இங்கதான் ஒருத்தனும் வாங்க மாட்டேங்கறான்."

கடை போனில் யாரிடமோ கார் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்த ஒரு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்த எஸ்டேட்டில் இலை பறிப்பவர், சிலோனிலிருந்து வந்த குடும்பம். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, மூலையில வெள்ளையா இருந்தது சாக்குதானே?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"எங்க லயத்துப் புள்ளைக்கு விடிய முந்தியே பிரசவ வலி எடுத்திருச்சு. ஒங்க வண்டி வந்தா ஏத்திவிடுங்கன்னு சொல்லிட்டு, நான் குறுக்கால இங்க ஓடியாந்தேன். நீங்க விட்டுட்டா வந்தீங்க?"

அவரை ஏற்றிக்கொண்டு திரும்பிய அந்த ஒரு மைலில் எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

ரோட்டோரத்தில் இருந்தார்கள். நாலு ஆண்கள் சுமந்துவந்த கயிற்றுக் கட்டிலில் அந்தப் பெண். அவள் நனையாமல் இருக்க மேலே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் படங்கு. அதை முன்னால் ஒருத்தியும் பின்னால் இரண்டு பேருமாக இழுத்துப் பிடித்திருந்தார்கள். மூன்று பேர் தலையிலும் கொங்காணி, உரச் சாக்கை மடித்துப் போட்ட வெள்ளை முக்காடு.

"ஆளப் பார்த்தா ஓடுற ஆளு மாதிரியா இருக்கு?" என்று ஒருத்தி ஆரம்பித்தாள்.

கட்டிலில் இருந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "ஏசாதீங்க அக்கா. அண்ணன்தான் திரும்பி வந்துட்டாருல்ல."

இலைச் சாக்குகளை விரித்து அவளைப் படுக்கவைத்தோம். அவ்வளவு மெதுவாகவும் அவ்வளவு அவசரமாகவும் நான் அதற்கு முன்னாலும் ஓட்டியதில்லை, பின்னாலும் ஓட்டியதில்லை. குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். பெண் குழந்தை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அது அழுத சத்தம் கேட்டபோது அந்த அக்கா தன் டீயை என் கையில் கொடுத்தார்.

இத்தனை வருடம் கழித்தும் இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறேன், ஆனால் முடிக்கிற இடத்தில் குரல் இறங்கிவிடுகிறது: ஏழு பேர் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு என் வண்டியை நம்பி மலையேறி ஓடிவந்தார்கள், நான் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.