கால் முளைத்த புழு

மலாய்க்காரர்கள் மெர்டேக்கா என்று சொல்லும் சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு காஜா பேராங் பகுதியில் பலகை வீடு கட்டிக் குடிபோனோம். மரம் முழுவதையும் தேர்ந்தெடுத்தவர் என் மனைவியின் அண்ணன். மர ஆலையில் வேலை செய்தவர். ஞாயிறுதோறும் வந்து தூண்களைத் தன் கையாலேயே நிறுத்திக் கொடுத்தார்.

சில மாதங்களில் தூண்களின் அடியில் மாவு போலத் தூள் கொட்டத் தொடங்கியது. ஓரத்தைச் செதுக்கிப் பார்த்தேன். அரிசி அளவில் வெள்ளைப் புழுக்கள். நாலைந்தை மருந்துச் சீசாவில் போட்டுக்கொண்டு வன அலுவலகத்துக்கு சைக்கிளில் போனேன்.

அங்கிருந்த தமிழ் அதிகாரி அவற்றைத் தட்டில் கொட்டி, பூதக்கண்ணாடியைப் பிடித்தார்.

“நேரா, உருண்டையா, காலே தெரியாம இருந்தா கவலயில்ல சார். தலைக்குப் பின்னால தட்டையா அகலமா இருந்தாலும் அப்படித்தான். பச்ச மரத்தோட வந்தது, காஞ்சதும் போயிரும்.”

“இது?”

“வளைஞ்சிருக்கு பாருங்க. முன்பக்கம் தடிப்பு. சின்னதா மூணு ஜோடி கால். வால்கிட்ட பழுப்பா ஒரு புள்ளி தெரியுதா? மூச்சு விடுற ஓட்டை. இது காஞ்ச மரத்ததான் திங்கும். வண்டாகி வெளிய வந்து, திரும்ப அதுலயே முட்ட வைக்கும். வைரம் பாயாத மரம்னா விடாது.”

கண்ணாடியை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுக்காவது கால் இல்லாமல் இருக்காதா என்று தேடினேன். எல்லாவற்றுக்கும் இருந்தது.

வீட்டில் சொன்னதும் மனைவி அழுதாள். “அண்ணங்கிட்ட சொல்லிராதீங்க. ஒடஞ்சு போயிருவாரு.”

சொல்லவில்லை. மண்ணெண்ணெய் பூசினோம். அந்த நெடியில் கைக்குழந்தை இருமியதுதான் மிச்சம், தூள் நிற்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வந்த மச்சான் பேச்சுவாக்கில் நடுத்தூணில் கை ஊன்றினார். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

“எப்பலேருந்து தெரியும், மாப்ளே?”

“ரெண்டு மாசமா.”

“அப்பவே சொல்லியிருந்தா இந்த ஒண்ணயாவது மாத்தியிருப்பேன்ல?”

மனைவி அடுப்படியிலிருந்து வரவேயில்லை. நானும் அவள் பெயரை எடுக்கவில்லை. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூரைக்கு முட்டுக் கொடுக்கக் கட்டை தேடப் போனார். அந்த ஆண்டு நாலு தூண்களை மாற்றினார். அதற்குள் புழு உத்திரத்துக்கு ஏறிவிட்டது. வீட்டைப் பிரித்த அன்று பலகைகளைச் சுமந்து எரிக்கப் போட்டவரும் அவர்தான். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த பலகையைத் தூக்கினார்.