மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர்

தலைச்சுற்றல் என்று வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்ப்பதைவிட, அவர்கள் வருவதற்குமுன் ஊரார் பார்த்த வைத்தியத்தைக் கேட்பதுதான் எனக்குப் பெரும்பாடு. ஒருவர் காற்று புகுந்துவிட்டது என்பார், ஒருவர் ரத்தம் குறைவு என்பார், ஒருவர் கண்ணாடியை மாற்றச் சொல்வார். தைலம் தேய்க்காத நெற்றி என் அறைக்குள் வந்ததே இல்லை. மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் பிசியோதெரபிஸ்ட். எல்லாருக்கும் மிஸ்ஸிதான். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, அதையும் விட்டுவிட்டேன்.

அப்படித் தலைச்சுற்றலோடு வந்தவர்களில் ஒருவர், பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது தாண்டிய வயது. ஒருநாள் மேல்தட்டுச் சரக்கை அண்ணாந்து பார்த்தபோது கிறுகிறுவென்று வந்து, வண்டியைத் தூணில் இடித்துவிட்டார். யாருக்கும் அடியில்லை. ஆனால், இரண்டு மாதத்துக்குள் குணமாகிக் கடிதத்தோடு வா, இல்லையென்றால் வேலை இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது.

கதையைக் கேட்டதுமே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. படுக்கையில் புரண்டால் சுற்றுகிறது, அண்ணாந்தால் சுற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. காதுக்குள் இருக்கும் மணல் போன்ற துகள்கள் இடம் மாறிப்போனால் இப்படித்தான் வரும். அதற்கு ஒரு சோதனை உண்டு. தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்ணைப் பார்க்க வேண்டும். துகள் அலைந்தால் கருவிழி துடிக்கும். இரண்டு பக்கமும் பார்த்தேன். துடிக்கவில்லை. இப்போது நல்லாத்தான் இருக்கு மிஸ்ஸி என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

சரி போகட்டும் என்று, மெத்தைமேல் நின்று தலையைத் திருப்பும் பயிற்சிகளைக் கொடுத்தேன். வாரம் ஒரு தடவை வந்தார். குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில், நேரத்துக்கு முன்பே. வீட்டில் சுற்றுகிறது என்பார். என் முன்னால் ஒன்றுமே இருக்காது. எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. நான்காவது வாரம் கம்பெனி கொடுத்த ஃபாரத்தை நீட்டினார். சோதனையில் எந்த அறிகுறியும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பார்த்ததைத்தானே எழுதினேன்.

ஐந்தாவது வாரம் வாயை விட்டுவிட்டேன்.

"அண்ணே, நெசமாவே சுத்துதா? இல்ல, வேலைக்குப் போவ மனசில்லையா?"

அவர் தரையைப் பார்த்தார். கூட வந்திருந்த மனைவிதான் பதில் சொன்னார். வீட்டிலிருந்து கிளம்பும் முன் தலைச்சுற்றல் மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டுதான் வருகிறாராம். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நேராக நடக்க முடியாதாம். அங்கே தோட்டத்து ஆட்கள் எந்நேரமும் இருப்பார்கள். அவருடைய அப்பா குடித்தே செத்தவர். இவர் ஒரு சொட்டு தொட்டதில்லை.

"தள்ளாடிக்கிட்டு நடந்தா, அப்பன் மாதிரியே ஆயிட்டான்னு சொல்லுவாங்க, மிஸ்ஸி" என்றார் மனைவி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மாத்திரை சுற்றலை மட்டுமா அமுக்கும்? நான் தேடுகிற கண்துடிப்பையும் சேர்த்தல்லவா அமுக்கிவிடும்! நோயை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு ஆளை மட்டும் கூட்டிவந்தால் நான் எதைப் பார்ப்பது என்று இரண்டு பேரையும் பிடித்துக் காய்ச்சினேன். கத்தி முடித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்கு என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. முதல் நாளே எல்லாரையும் கேட்க வேண்டிய கேள்வி அது. அன்றைக்குக் கூட்டம்; சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, கேட்காமலே விட்டுவிட்டேன். படித்த முட்டாள் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மாத்திரை போடாமல், மனைவி ஓட்டும் காரில், அடுத்த வாரம் வரச் சொன்னேன். வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து, காலை அகட்டி வைத்து நடந்து வந்தார். மருந்துக்காகக் காத்திருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வலது பக்கம் தலையைத் திருப்பிப் படுக்கவைத்தேன். சில நொடிகளில் கருவிழி இரண்டும் துடிக்க ஆரம்பித்தன. கட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தலையைப் படிப்படியாக மறுபக்கம் கொண்டுபோய், உடம்பை உருட்டி, உட்காரவைத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி படுக்கவைத்துப் பார்த்தேன். கண் அசையாமல் நின்றது.

எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது. அடுத்த வாரம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கடிதம் தருகிறேன், வண்டி ஏறிவிடலாம் அண்ணே என்றேன்.

மனைவி அவரைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார். போன வெள்ளிக்கிழமையே அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்களாம். என் கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்து, ஒன்றும் இல்லாதவன் நாடகம் ஆடுகிறான் என்று முடிவுகட்டினார்களாம்.

வேறு கடிதம் எழுதித் தருகிறேன், முதலாளியிடம் நானே பேசுகிறேன் என்று என்னென்னவோ உளறினேன். வேறு ஆள் போட்டாகிவிட்டது என்றார் மனைவி. அப்படியென்றால் இன்றைக்கு எதற்கு இந்தப் பாடுபட்டு வந்தீர்கள் என்று அவரைக் கேட்டேன்.

அவர் கட்டிலைவிட்டு இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நான் பொய் சொல்லலன்னு நீங்களாவது கண்ணால பாக்கணும்ல, மிஸ்ஸி."