பிளம் கிரீக்கில் இறங்காத விமானம்

டெஸ்ஸா ஹவெல்காவின் குடும்பத்தில் அவளுக்கு முன் கல்லூரிப் படி ஏறியவர் யாருமில்லை. அம்மா லோரீன், நெப்ராஸ்காவில் பிளம் கிரீக் பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். பெண்களின் நெடுந்தூர விமானப் பந்தயத்தில் மகள் தன் பல்கலைக்கழகத்துக்காகப் பறக்கிறாள், பாதையும் தங்கள் ஊர் வழியாகத்தான் என்று தெரிந்ததும், ஊர் ஓடுதளத்தில் சாப்பாட்டுப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"பீன்ஸ் போட்ட சில்லிக் குழம்பும், பட்டை தூவின இனிப்பு ரோலும் பண்றேன். சாப்பிடாம போன, தெரியும் சேதி!"

"வராம எங்கே போயிடுவேன்மா?"

சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னாள்.

இந்தப் பந்தயத்தில் ஒவ்வொரு விமானமும் தன் வழக்கமான வேகத்தை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு. பின்காற்று யாருக்கோ, யோகம் அவர்களுக்கு. நிறுத்தங்களில் இறங்கலாம், அல்லது நேரம் குறிக்கும் கோட்டின் மேல் தாழப் பறந்துவிட்டு அப்படியே போய்விடலாம்.

பிளம் கிரீக் நெருங்கியபோது பக்கத்து இருக்கையில் துணை விமானி மரிசெலா வரைபடத்தை மடித்தாள்.

"காத்து பின்னாலேர்ந்து நல்லா தள்ளுதுடி. மத்தியானம் திரும்பிடுமாம். பெட்ரோல் அடுத்த ஊர் வரைக்கும் தாராளமா வரும். ஆனா உங்கம்மா... நீயே சொல்லு."

டெஸ்ஸா தன்னையே கேட்டுக்கொண்டாள். காற்றுக்காகத்தான் போக நினைக்கிறேனா? இல்லை, கீழே மற்ற அணிகளுக்கு முன்னால் கரண்டியும் கையுமாக அம்மா நிற்பாள் என்ற கூச்சத்தாலா? கேள்வி முள்ளாய்க் குத்தியது. கீழே நிற்பது மரிசெலாவின் அம்மாவாக இருந்தால்? அப்போதும் டெஸ்ஸா, போகலாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அது போதும் என்று பட்டது.

"இறங்கல. மேலேயே போறோம்" என்று ரேடியோவில் சொன்னாள்.

கோட்டைத் தாண்டும்வரை விமானம் ஓட்டும் டெஸ்ஸாவால் கண்ணைத் திருப்ப முடியாது.

"அம்மா தெரியறாங்களா?"

"தெரியறாங்க."

"கை ஆட்டறாங்களா?"

"இல்லடி. யாருக்கோ சில்லி ஊத்திக்கிட்டிருக்காங்க. நிமிர்ந்துகூடப் பாக்கல."

டெஸ்ஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் அன்றைய கடைசி நிறுத்தத்திலிருந்து அம்மாவுக்குப் போன் அடித்தாள்.

"மேல போனது நீதான்னு அப்பறமாத்தான் சொன்னாங்கடி. வரிசை ரொம்பப் பெரிசு, தலை தூக்க நேரமில்ல. யாரோ ஒருத்தி அவசரமா போறாளேன்னு நெனச்சேன்."

"கோவமாம்மா?"

"ஜெயிக்கற வேலையைப் பாரு. உன் பங்கைக் குடுத்தனுப்பிருக்கேன்."

பொழுது சாயும் நேரத்தில் பிளம் கிரீக்கில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்த ஓக்லஹோமா அணி வந்து இறங்கியது. அதன் விமானி வேண்டாவெறுப்பாக அலுமினியத் தாள் சுற்றிய பெட்டியை நீட்டினாள்.

"உங்கம்மா தந்தாங்க. நீங்க போனதும் காத்து திரும்பிடுச்சு. வழியெல்லாம் மூஞ்சில அடிச்சுது."

மரிசெலா திறந்து பார்த்தாள். பாதி காலி.

"என்ன இது?"

"எதிர்க்காத்துல ரொம்ப நேரமாச்சு, பசிச்சுது. வேகத்துலதான் தோத்தோம், இதுலயாவது ஜெயிக்க வேணாமா?"

மிச்சமிருந்த ரோலைப் பிய்த்து டெஸ்ஸா ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள், அந்த ஓக்லஹோமாக்காரிக்கும் சேர்த்து.