எதிர்வீட்டுக் கம்ப்யூட்டர்

கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதி வராத காலம் அது. நான் பூதலூரில் குடியிருந்து, தஞ்சாவூரில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுக்க ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன். சம்பா நடவு முடிந்திருந்த ஒரு ஞாயிறு காலை, எதிர்வீட்டுப் பெரியவர் கூப்பிட்டார்.

அவருடைய ஒரே மகன் அமெரிக்காவில் வேலை பார்த்தார். விடுமுறைக்கு வந்தபோது கம்ப்யூட்டர் வாங்கி, லினக்ஸ் இயங்குதளம் போட்டு, வீடியோவில் பேச ஒரு புரோகிராமும் வைத்துவிட்டுப் போயிருந்தார். அது திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. பெரியவரின் மனைவிக்குப் பக்கவாதத்தில் பேச்சு போயிருந்தது. போனில் என்ன பேச முடியும்? அந்த அம்மா மகன் முகத்தைப் பார்க்க ஏங்கினார்.

“அவன்கிட்ட சொன்னா, லீவுல வந்து பாக்குறேங்கிறான். நீ கொஞ்சம் பாரும்மா” என்றார் பெரியவர்.

புரோகிராமை அழித்து மறுபடி நிறுவினேன். ம்ஹூம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலிலிருந்து ஓட்டிப் பார்த்தபோதுதான், மூடுவதற்கு முன் அது காட்டிய பிழைச் செய்தி கண்ணில் பட்டது. பழைய செட்டிங்ஸ் இருந்த ஃபைல் கெட்டிருந்தது. புரோகிராமை அழித்தாலும் அது மட்டும் மறைவான ஒரு ஃபோல்டரில் தங்கியிருக்கிறது. அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டுத் திறந்தேன். பழையதைக் காணாமல் புரோகிராம் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டது; இந்த முறை மூடவில்லை.

பெரியவர் மனைவிக்குப் புதுப் புடவை கட்டிவிட்டு, பொட்டு வைத்து உட்காரவைத்தார். மகன் பெயருக்குப் பக்கத்தில், அவர் இணைப்பில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி தெரிந்தது. அழைத்தேன். மணி அடித்தது, துண்டித்தார். மறுபடியும் துண்டித்தார். பிறகு எழுத்தில் ஒரு வரி வந்தது: “யார் சரி பண்ணாங்க? ஆபீஸ் வேலையா இருக்கேன். அப்புறம் பேசறேன்.”

அங்கே அப்போது சனிக்கிழமை இரவு.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அதே கதைதான். பிறகு நாங்கள் திறந்ததுமே பச்சைப் புள்ளி மறையத் தொடங்கியது. அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் பெரியவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா, அதப் பழையபடி ஓடாமப் பண்ணிட முடியுமா? மிஷின் கெட்டுப்போச்சுன்னா அவ மனசு ஆறிக்குவா. இப்ப நான் என்னத்தச் சொல்றது?”

போய், புது ஃபோல்டரை அழித்து, கெட்டிருந்த அந்த ஃபோல்டருக்குப் பழைய பெயரையே வைத்துவிட்டு வந்தேன். அந்த அம்மா நம்பினாரா, தெரியாது.

அதற்குப் பிறகு எத்தனையோ கம்ப்யூட்டர்களைச் சரிசெய்துவிட்டேன். ஆனால் வேண்டுமென்றே நான் கெடுத்து வைத்த அந்த ஒன்றை நினைக்கும்போதெல்லாம், முகமே பார்த்திராத அந்த மகன்மேல் வரும் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.