பொழுதோடு சாப்பிடும் விடுதி

கீழ்பென்னாத்தூருக்கு வெளியே, மல்லாட்டை எனப்படும் நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஜினசேனன் நடத்தும் விருந்தினர் விடுதியில் நான்கு அறைகள். மொட்டைமாடிக்கு ஏறினால் அண்ணாமலை தெரியும். விளம்பரத்தில் மட்டும் கட்டிலில் படுத்தபடியே தெரியும்.

அவர்கள் சமணக் குடும்பம்; ஊரில் நயினார் என்பார்கள். பொழுது சாய்ந்தபின் அடுப்பு எரியாது; வெங்காயம் வாசலைத் தாண்டாது. மனைவி சந்தனா இதைப் பிறந்ததிலிருந்து சத்தமில்லாமல் கடைப்பிடிப்பவர். ஜினசேனன் சத்தத்தோடு கடைப்பிடிப்பவர். பொழுதோடு சாப்பிட்டால் என்னென்ன நோய் வராது என்று ஒரு சொற்பொழிவு வைத்திருந்தார். வந்தவர்கள் செருப்பைக் கழற்றுமுன் தொடங்கிவிடுவார். ஒரு முறை கேட்டவர்கள் மறுமுறை வந்ததில்லை.

சந்தனாவின் அண்ணன் பார்சுவநாதன் காலி அறைகளை எட்டிப் பார்த்தார்.

"அறுப்பு வருது மாப்ளே. மூட்ட அடுக்க நல்ல எடம்."

அறுப்புக்குள் ஆள் சேராவிட்டால் விடுதி குடோன் ஆகும் என்று குடும்பத்தில் முடிவாயிற்று.

அப்போதுதான் சென்னைப் பயண ஏற்பாட்டாளர் பிரகாஷ் பேசினார். பௌர்ணமிதோறும் கிரிவலக் கூட்டத்தை அனுப்பத் தயார். முதலில் ஒரு வேன் ஆட்களோடு வந்து பார்ப்பார்.

"கூட்டத்துல வேன் மாட்டிக்கும். பக்கத்து ஊட்டுக் கஸ்தூரிகிட்ட ராச்சாப்பாட்டுக்குச் சொல்லி வைங்க" என்றார் சந்தனா.

"அந்த வெங்காய நாத்தத்துக்கா? நம்ம பேரு என்னாகறது?"

கிரிவலம் முடித்துக் கிளம்பிய வேன் வழியில் வேங்கிக்கால் நெரிசலில் மாட்டிக்கொண்டது. இங்கே பொழுது சாய்ந்தது. ஆக்கி வைத்த சோறெல்லாம், இரவுக்கு மிச்சம் வைக்கக் கூடாதென்று, வழக்கம்போல் கஸ்தூரியின் மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. மலையைச் சுற்றி வந்த கால்களோடு கூட்டம் இறங்கியபோது, அவர்கள் சாப்பாட்டை எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"சாப்பாடு ரெடிங்களா?" என்றார் பிரகாஷ்.

"ராத்திரி சாப்பிடாம இருந்தா ஒடம்பு லேசாவும் சார்."

"ஏற்கெனவே லேசாத்தாங்க இருக்குது. தல சுத்துது."

ஜினசேனன் சொற்பொழிவைத் தொடங்கினார். ஈரலைப் பற்றிய பகுதிக்கு வந்தபோது வேலிக்கு அப்பாலிருந்து வெங்காய அடையின் மணம் வந்தது. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. சந்தனா வேலியோரம் போனார்.

"கஸ்தூரி, வந்தவங்க பட்டினியா நிக்கறாங்கடி."

"அனுப்புங்கக்கா, கல்லு சூடாத்தான் இருக்குது."

நடக்கவே முடியாது என்று உட்கார்ந்திருந்தவர்கள் ஓடினார்கள். ஈரல் பாதியில் நின்றது.

"மானத்த வாங்கிட்டியே!" என்றார் ஜினசேனன்.

"வெரதம் நம்மளுது. பசி அவங்களுது. அடுத்தவங்க பசியில புண்ணியம் தேடாதீங்க."

அடை தின்று திரும்பிய பிரகாஷ் தெளிவாகச் சொன்னார்: "தூங்கறது இங்க, சாப்பாடு அங்க. அவங்க ஒத்துக்கிட்டா மாசாமாசம் ஆள் வரும். நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

மறுநாள் காலை ஜினசேனன் கஸ்தூரியின் வாசலில் நின்றார். அவள் எருமைக்குத் தண்ணீர் காட்டி முடிக்கும்வரை நிற்க வைத்தாள்.

"செய்யறேன் நயினாரே. ஒரே கண்டிஷன். அவங்க சாப்பிடறப்போ பக்கத்துல நின்னு நோவு பேரெல்லாம் சொல்லக் கூடாது."

ஜினசேனன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வேலிக்கு அந்தப் பக்கம், விடுதியில், பார்சுவநாதன் காலிச் சாக்குகளை உதறிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.