மாப்பிள்ளை என்றொரு குதிரை

என் சித்தப்பா மாப்பிள்ளை என்று கூப்பிட்டது ஒரு குதிரையை. அவர் வேலை பார்த்த குதிரைப் பண்ணையில் மற்ற குதிரைகளுக்கெல்லாம் பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்துக் கதவில் மாட்டியிருப்பார்கள். அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவைப் பெற்றவன் பெயர்வரைக்கும் அதில் இருக்கும். எனக்கே என் வம்சம் அவ்வளவு தூரம் தெரியாது. மாப்பிள்ளையின் கதவில் ஒன்றும் கிடையாது. வேலைக்காரர்கள் அதை 'டீசர்' என்பார்கள். அது பெயரில்லை, உத்தியோகம்.

"என்னடா மாப்ளே, தூக்கம் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் சித்தப்பா உள்ளே நுழைவார். அது மூக்கைக் கொண்டுவந்து அவர் கக்கத்தில் நுழைத்துக்கொள்ளும். மற்றவர்கள் எல்லாக் குதிரைகளோடும் மராத்தியில் பேசுவார்கள். அந்தப் பண்ணையில் தமிழ் தெரிந்த குதிரை அது ஒன்றுதான்.

அப்போது நாங்கள் தேஹு ரோடு என்கிற மராத்தி ஊரில், பட்டாளத்து டிப்போ குவார்ட்டர்ஸில் இருந்தோம். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். அப்பா டிப்போவில் வேலை, வாரம் முழுக்க ஓவர்டைம். நான் ஒற்றைப் பிள்ளை. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் மராத்தியில் சண்டை போட்டு மராத்தியிலேயே சமாதானமாகிவிடுவார்கள். நான் வார்த்தை தேடி முடிப்பதற்குள் விளையாட்டே முடிந்துபோகும். அம்மாவோ பேசவே காசு கேட்பவள். அவளுக்கு ஹிந்தி, காய்கறிக்காரனோடு பேரம் பேசுகிற அளவுக்குத்தான் வரும். பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து வண்டிகள் போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்களோடு தங்கியிருந்த சித்தப்பா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அந்த வீட்டில் மனுஷ சத்தம் கேட்கும். கல்யாணம் ஆகாதவர். "எனக்கென்ன அவசரம்" என்பார். ஞாயிற்றுக்கிழமையானால் என்னைச் சைக்கிளில் வைத்துப் பண்ணைக்குக் கூட்டிப்போவார். அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் மற்ற ஆறு நாளையும் பொறுத்துக்கொண்டேன் என்று சொன்னால் மிகையில்லை.

மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று ஒருநாள் கேட்டேன். சித்தப்பா பிடரியைச் சொறிந்துகொண்டார். எட்டு வயசுப் பெண்ணிடம் சொல்கிற சமாசாரமா அது?

"பொண்ணு பாக்குற வேலை பாப்பா" என்றார். "இவன் போயி பொண்ணுகிட்டப் பேசுவான். புடிச்சிருக்கா, கோவமா இருக்குதான்னு பாத்துக்குவான். அவ்ளோதான்."

"அப்புறம்?"

"அப்புறம் பெரியவன் வருவான்."

"இவன்?"

"இவன் வூட்டுக்குப் போயிடுவான்."

பெரியவன் என்றது பண்ணையின் பொலிகுதிரையை. ஊரில் பொலிகாளை என்பார்களே, அந்த மாதிரி. அடேயப்பா, அதற்கு நடந்த உபசாரத்தைப் பார்க்க வேண்டும்! சீமையிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய உயர்ஜாதி. ஆனாலும் எல்லாரும் அதைக் கப்பல் குதிரை என்றே சொன்னார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பொலிகுதிரைகள் கப்பலில் வந்தவையாம். அந்தப் பேச்சு அப்படியே ஒட்டிக்கொண்டது. அதன் அறையில் ஏர்கூலர் ஓடியது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் அப்பா தலைக்கு மேலே.

பெட்டைக்குதிரையை மெத்தை தைத்த பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்துவார்கள். மாப்பிள்ளை இந்தப் பக்கம். மாப்பிள்ளை கழுத்தை நீட்டி மெல்லக் கனைக்கும், அவள் கழுத்தை முகரும். பிடிக்காவிட்டால் அவள் காதை மடக்கிக்கொண்டு விடுவாள் பாருங்கள் ஓர் உதை, பலகை அதிரும். அந்த உதை விலை உயர்ந்த காலில் பட்டுவிடக்கூடாது என்றுதான் இந்த ஏற்பாடே. உதை மாப்பிள்ளைக்கு, கல்யாணம் பெரியவனுக்கு. அவள் அமைதியாக நின்றுவிட்டால் சித்தப்பா கயிற்றை இழுப்பார். "போதும், வாடா மாப்ளே." அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வரும். பிறகு வெகுநேரம் தீனியைத் தொடாமல் சுவரைப் பார்த்து நிற்கும். சித்தப்பாவும் அதன் பக்கத்தில் நிற்பார். எனக்கு அழுகையாக வரும்.

"பாவம் சித்தப்பா" என்பேன்.

"பாவம்தான். பழகிக்குவான்" என்பார்.

வருஷா வருஷம் குதிரைகள் இணைசேருகிற பருவத்தில் பண்ணை வாசலுக்கு ஒருவர் வருவார். பக்கத்துக் கிராமத்துக்காரர், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். அந்தப் பக்கம் கல்யாண மாப்பிள்ளை பெட்டைக்குதிரை மேலேறித்தான் மண்டபத்துக்குப் போவான். அவரிடம் வெள்ளை வெளேரென்று ஒன்று இருந்தது. அதைக் கப்பல் குதிரையோடு சேர்க்க வேண்டும் என்பார். அவருடைய வாதம் ரொம்ப நேர்மையானது. அவர் தாத்தா காலத்தில் சர்க்கார் தன்னுடைய பொலிகுதிரையை ஆலமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தி, யார் வேண்டுமானாலும் பெட்டைக்குதிரையை ஓட்டிவரலாம் என்று தண்டோரா போடுமாம். ஒரு பைசா வாங்கமாட்டார்களாம். பிறக்கிற ஆண் குட்டியை முதலில் பட்டாளத்துக்குக் காட்ட வேண்டும், அதுதான் ஒப்பந்தம். "இப்பவும் நான் தயார். குட்டியைப் பட்டாளத்துக்கே கொடுத்துடறேன், சாஹேப்" என்பார் மேனேஜரிடம். "பட்டாளம் இப்ப ஜீப்புல போகுது, நீங்களும் போயிட்டு வாங்க" என்று மேனேஜர் சிரித்து அனுப்பிவிடுவார். வெள்ளைக்காரன் போனது அந்தக் குதிரைக்காரருக்கு யாரும் முறைப்படி சொல்லாத விஷயம் போலிருக்கிறது.

அந்த வருஷம், மராத்திக்காரர்களின் வருஷப் பிறப்பான பாட்வா அன்று, பண்ணையில் பாதிப் பேருக்கு மேல் லீவு. சித்தப்பாவுக்கு ஏது பாட்வா? என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மத்தியான வெயிலில் குதிரைக்காரர் பின்வாசல் வழியாக வந்தார். ராத்திரி ஏதோ ஊர்வலம் முடித்து வந்திருக்க வேண்டும், அந்தப் பெட்டைக்குதிரையின் காலில் சலங்கை இன்னும் இருந்தது, வாலில் மருதாணி.

"அண்ணா, ஒரு தடவை கப்பல் குதிரைகிட்ட..." என்று ஆரம்பித்தார். அங்கே மதராஸி என்றால் எல்லாரும் அண்ணாதான்.

"கப்பல் குதிரையை நெனச்சுக்கூடப் பாக்காதீங்க" என்றார் சித்தப்பா. "என்கிட்ட ஒருத்தன் இருக்கான். ஒசந்த ஜாதி இல்ல. நாட்டுக்குதிரைதான்."

குதிரைக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். அதன் காது நுனிகள் இரண்டும் வளைந்து ஒன்றையொன்று தொடும். கல்யாணக் குதிரைக்கு அதுதானே அழகு! "இந்தக் காது போதும் அண்ணா, வேற என்ன வேணும்?" என்று கும்பிட்டார்.

வெள்ளைக்குதிரை தடுப்பருகே வந்து நின்றது. மாப்பிள்ளை கழுத்தை நீட்டியது. அவள் உதைக்கவில்லை. வழக்கமாகக் கயிற்றை இழுக்கிற இடம் அது. சித்தப்பா இழுக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "பாப்பா, ஆபீஸ் குழாய்ல தண்ணி வருதான்னு பாத்துட்டு வா" என்றார்.

ஆபீஸ் குழாயில் தண்ணீர் எப்போதும் வரும். நான் போய்ப் பார்த்து, குடித்து, முகம் கழுவி, மெதுவாகத்தான் திரும்பினேன். குதிரைக்காரர் போய்விட்டிருந்தார். மாப்பிள்ளை தொட்டிக்குள் தலையை விட்டுக் கரகரவென்று தின்றுகொண்டிருந்தது. சித்தப்பா துணியால் அதன் முதுகைத் துடைத்தபடி சீட்டியடித்தார். அவருக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"மாப்பிள்ளைக்குப் பொண்ணு கெடைச்சிடுச்சா சித்தப்பா?"

"கெடைச்சிடுச்சு கண்ணு. வூட்ல சொல்லிடாத."

நான் மூச்சு விடவில்லை. போட்டுக் கொடுத்தது நன்றியுணர்ச்சி. சில வாரம் கழித்து, வெள்ளைக்குதிரை சினையாகிவிட்டது என்று தெரிந்ததும், குதிரைக்காரர் புதுத் தலைப்பாகை கட்டி, தேங்காயும் பேடா டப்பாவுமாக முன்வாசல் வழியாகவே வந்துவிட்டார். அன்று ஞாயிறு, நானும் இருந்தேன். மேனேஜர் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "சர்க்கார் காலத்துத் தர்மத்தை மறுபடி நடத்திட்டீங்க சாஹேப்" என்றார். மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது. மேனேஜர் பேடாவை வாயில் போட்டுக்கொண்டே, "எந்தத் தர்மம்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். வெளிக்குதிரை நோயோடு வந்திருந்தால் மாப்பிள்ளை மூலமாகப் பண்ணை முழுக்கப் பரவியிருக்கும். மேனேஜர் கத்தியதில் நியாயம் இருந்தது, இப்போது ஒத்துக்கொள்கிறேன். அன்று எனக்கு அவர் கையைக் கடிக்கலாம் போலிருந்தது. "ஏன்யா செஞ்சே? அவன் உனக்கு என்ன கொடுத்தான்?" என்று அவர் கேட்டதற்கு சித்தப்பா, "ஒண்ணும் கொடுக்கல சார். தோணுச்சு" என்றார். அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வரக்கூட விடவில்லை. சைக்கிளில் திரும்பும்போது நான் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா நாலு நாள் கத்தினார். "ஒரு டீசர் குதிரைக்காக எவனாவது வேலைய விடுவானாடா?" ஐந்தாம் நாள் அவரே அலைந்து சிஞ்ச்வட்டில் ஒரு பட்டறையில் சொல்லிவைத்துவிட்டு வந்தார். கோபம் வந்தாலும் கைவிடுகிற மனுஷரில்லை அவர். இன்னொரு பக்கம், பெங்களூருக்கு அருகே ஒரு குதிரைப் பண்ணையில் ஆள் வேண்டும் என்று பழைய கூட்டாளி ஒருவர் சித்தப்பாவுக்குச் சொல்லியனுப்பியிருந்தார். சிஞ்ச்வட் என்றால் லோக்கல் ரயிலில் போய் வரலாம், சித்தப்பா எங்களோடேயே இருப்பார். பெங்களூர் என்றால் போய்விடுவார். சாமி படத்துக்கு முன்னால் நின்று சிஞ்ச்வட், சிஞ்ச்வட் என்று முணுமுணுத்தேன்.

அன்று சாயங்காலம் சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தாள். நான் கீழே உட்கார்ந்து மாவை உருட்டிக் கொடுத்தேன்.

"பட்டறைக்காரன் நாளைக்கு வரச்சொல்லிட்டான். என்னடா சொல்ற?" என்றார் அப்பா.

சித்தப்பா என்னைப் பார்த்தார். "பாப்பா என்ன சொல்லுது?"

"இங்கியே இருங்க சித்தப்பா."

"அப்ப இருந்துட வேண்டியதுதான்" என்று சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

அப்பாவுக்கும் உற்சாகம் தாங்கவில்லை. "வேலை ஆச்சுன்னா அடுத்து கல்யாணம்தான்டா. இந்தத் தடவ உனக்குப் பொண்ணு பாக்க நான் போறேன்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "தெரியுமா பாப்பா? எனக்கு லீவு கெடைக்கல. இவன்தான் என் போட்டோவைப் பாக்கெட்ல வச்சிக்கிட்டுப் போயி உங்கம்மாவைப் பாத்துட்டு வந்தான். அங்க பாதிப் பேரு இவன்தான் மாப்பிள்ளைன்னு நெனச்சிட்டாங்க. உங்கம்மாவே அப்படித்தான் நெனச்சா. பாட்டுப் பாடச் சொன்னதுக்குப் பாடிட்டா! அப்புறந்தான் இவன் போட்டோவை எடுத்து நீட்டினான். எனக்கு ட்ரங்கால் போட்டான், பொண்ணு எப்படிடான்னு நான் கேட்டா, ரொம்ப நேரம் பேச்சே இல்ல. அப்புறம் சொல்றான், நல்ல பொண்ணுண்ணா, கட்டிக்கன்னு."

அம்மா பாடுவாளா? எனக்கு அது புதுச் செய்தி. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. பெரியவர்கள் பேச்சில் சொல்வதற்கு என்னிடமும் ஒன்று இருந்தது.

"அப்ப சித்தப்பாதான் டீசர்!" என்று மாவுக் கையைத் தட்டிக்கொண்டு கத்தினேன். "பொண்ணுகிட்டப் பேசிட்டு வூட்டுக்குப் போயிடணும். அப்புறம் பெரியவன் வருவான்!"

அப்பா புரையேறும் வரை சிரித்தார். "டீசராமில்ல!" என்று தொடையைத் தட்டினார். சித்தப்பாவும் சிரித்தார், கொஞ்சம். பிறகு தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டார். அம்மா அடுப்பை அணைத்தாள்.

"எனக்கு இன்னும் ரெண்டு போடு" என்றார் அப்பா.

"மாவு தீந்துபோச்சு" என்றாள் அம்மா.

என் முழங்காலுக்குப் பக்கத்தில் பாதிப் பாத்திரம் மாவு இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

காலையில் சித்தப்பாவின் பெட்டி கதவோரம் இருந்தது. பெங்களூர்தான் சரிப்படும், குதிரையை விட்டால் தனக்கு வேறு தொழில் தெரியாது என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். நான் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுக்களைக்கு ஓடினேன். அம்மா வழிக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ இருக்கச் சொல்லும்மா. நீ சொன்னா இருப்பாரு."

அம்மா பொட்டலத்துக்கு நூல் சுற்றி முடித்தாள்.

"இருப்பாரு" என்றாள். "அதனாலதான் சொல்லல."

இது என்ன பதில்? ஒரு ஆளுக்குச் சமைக்கிற வேலை மிச்சம் என்று பார்க்கிறாள், அதனால்தான் நேற்று மாவைக்கூட ஒளித்தாள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை. அவளும் அன்று யாரோடும் பேசவில்லை.