என் பெருவிரலும் தம்பியின் ஆராய்ச்சியும்

சொந்தங்களே, இந்த நினைவு மலர் கைக்கு வந்ததும் உங்கள் படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடியிருப்பீர்கள். தேடி முடித்த பிறகு இதைப் படியுங்கள்.

என் அன்புத் தம்பி பத்து காவான் தோட்டத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட்டார். நான் ஆறாம் வகுப்போடு நின்றேன். பிறகு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மருந்துத் தண்ணீரில் மின்னணுத் தகடுகளைக் கழுவினேன். தம்பி படித்துப் பேராசிரியரானார். நாட்டுக்குள் வருகிறவர் யார், போகிறவர் யார் என்று விரல் ரேகையையும் முகத்தையும் வைத்து மிஷின் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி.

அப்போது உங்களுக்கெல்லாம் அவர் மேல் என்ன பாசம்! கிறிஸ்துமஸுக்கு சித்தப்பா மகன் கேக் தட்டோடு வந்தார்.

"அண்ணே, நாட்டுப் பாதுகாப்பே உங்க கையிலதான். என் காடிக்குப் போலீஸ் போட்ட சம்மன கொஞ்சம் பாத்து முடிச்சி விடுங்களேன்."

"திருடனப் பிடிக்கிற மிஷினப் பத்திதான்டா நான் படிக்கிறேன். மொதல்ல உன்னத்தான் பிடிக்கும்."

தம்பி கேக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஒரு நாள் மிஷினை வீட்டுக்கே கொண்டுவந்து என் பெருவிரலை வைக்கச் சொன்னார். சிவப்பு விளக்குதான் எரிந்தது. மருந்துத் தண்ணீர் ரேகையைத் தின்றிருந்தது.

"கையத் தொடச்சிட்டு வைக்கா."

"தொடச்சா ரேகை மொளைக்குமாடா?"

தம்பி சிரிக்கவில்லை. பெரிய அதிகாரிகள் கூட்டத்தில் எழுந்து, மிஷினுக்குத் தெரியவில்லை என்றால் மனிதன் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் உழைத்துத் தேய்ந்தவர்கள் சொந்த நாட்டிலேயே அந்நியர் ஆவார்கள் என்று சொன்னார். பதவி உயர்வு நின்றது. "அவரு பேரு ஏதோ போலீஸ் லிஸ்ட்ல ஏறிடுச்சாம்லா" என்று யாரோ கிளப்பிவிட, கேக் தட்டும் நின்றது. தைரியசாலிகள்!

தம்பி சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருந்தபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இறந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள், கறுப்புக் கண்ணாடியோடு. உடலை வாங்க அங்கிருந்த மிஷினில் நான் பெருவிரல் வைத்தேன். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. முகப்பில் இருந்த மலாய்ப் பெண் எழுந்து வந்து, இந்த மாக்சிக்கை, அதாவது இந்தப் பெரியம்மாவை, தெரிந்தவர் ஒருவர் சாட்சியாக விரல் வைத்தால் போதும் என்றாள். தம்பி கேட்டதும் இதைத்தானே.

"எனக்கு பிரஷர் இருக்குக்கா" என்றார் சித்தப்பா மகன். பெருவிரலுக்குமா பிரஷர்? அவர் மனைவிக்கு உடனே போன் வந்தது. மற்றவர்களுக்குக் காடி நிறுத்திய இடம் நினைவுக்கு வந்துவிட்டது. தம்பி உள்ளே குளிரில் கிடந்தார்.

எங்கள் வீட்டுக்குக் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய்தான் என்னை வண்டியில் கூட்டி வந்திருந்தார்.

"நகருங்கலா. இவங்க அவரோட அக்கா. ரெண்டு பேருக்கும் தெனம் டீ ஆத்தினவன் நான், எனக்குத் தெரியாதா?"

விரலை வைத்தார். பச்சை எரிந்தது. தம்பி வீடு வந்தார்.

அந்தப் பாய்க்கும், முகம் பார்த்துக் கேட்ட அந்தப் பெண்ணுக்கும் ஆண்டவர் நிறைந்த ஆயுள் தரட்டும். என் நன்றி அவ்வளவுதான், அதற்கு மேல் பாக்கி இல்லை.

சொந்தங்களே, ஓராண்டுப் பூசை முடிந்ததும் பாய் கடையிலிருந்து சாப்பாடு வருகிறது. இருந்து வயிறாரச் சாப்பிட்டுப் போங்கள். பயப்படாதீர்கள், யாரையும் விரல் வைக்கச் சொல்லமாட்டேன்.